கேட்டதும் கருதியதும்

"எனக்குக் கேட்கிறது" என்று ஒருவர் சொல்லும்போது, "இல்லை, உமக்குக் கேட்கவில்லை" என மறுக்கும் உரிமை எவருக்காவது உண்டா? மெய்யியல் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் பரீட்சைக்கு நாலு பக்கம் எழுதிவிட்டுப் போயிருப்போம். இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகம் எம்மை விட்டுப் போய்விட்டது, கேள்வி போகவில்லை. பாரிஸில் அது ஒரு கறண்ட் வயராக வந்து சேர்ந்தது.

எம்மோடு ஒரே றெஸ்ரோறன்ற்றில் பாத்திரம் கழுவி, பின்னர் அடுப்படிக்கு உயர்ந்த அண்ணை ஒருவர், தன் ஸ்ரீரியோவுக்கு இரண்டு மீற்றர் வயரை 480 யூரோவுக்குத் தபாலில் எடுத்தார். அம்பிளிபயரோடு பெட்டிக்குள் வந்த கறுப்பு வயர் மூலைக்குப் போனது. "தம்பியவை, இப்ப கேளுங்கோ, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவில வெளி தெரியுது" என்றார். எமக்கு வெளி தெரியவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

வயர் செய்யும் வேலை என்ன? மின்நிலையத்திலிருந்து எத்தனையோ கிலோமீற்றர் கம்பியைக் கடந்து, கட்டடத்தின் சுவருக்குள் கிடக்கும் பழைய கம்பியையும் கடந்து வந்த மின்சாரத்தைக் கடைசி இரண்டு மீற்றர் தூக்கிக்கொடுக்கிறது. அம்பிளிபயர் அதை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. செக்கனுக்கு 50 சுற்றுச் சுற்றும் அந்த மின்சாரத்தின் அழுத்தத்தைக் குறைத்து, ஒரே திசைக்குத் திருப்பி, கொள்ளளவிகளில் சேர்த்துவைத்து, அந்தச் சேமிப்பிலிருந்துதான் பாட்டை எடுக்கிறது. வாய்க்கால் தண்ணீர் தாங்கியில் விழுந்து, பிறகு குழாய்க்குப் போவதுபோல. பெட்டியோடு வந்த மெல்லிய வயரின் தடை, போகவர நாலு மீற்றர் செம்புக்கு, ஏறத்தாழ 0.1 ஓம். அரை அம்பியர் ஓடினால் இழப்பு 0.05 வோல்ற்று. சுவர்ச் சொக்கற்றில் 207க்கும் 253க்கும் இடையில் எத்தனை வோல்ற்று நின்றாலும் அது ஐரோப்பிய நியமத்துக்குள் சரி. அந்த ஏற்ற இறக்கத்தையே பொறுத்துக்கொள்ளும் பெட்டி இந்த 0.05க்கா மனம் மாறும்?

வயர் எங்கும் முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. குசினியில் வேலை செய்பவர்களுக்கு அது தெரியும். மின் அடுப்புக்கு மெல்லிய நீட்டு வயரைக் கொடுத்தால் கை வைக்க முடியாமல் சுடும். பிளக் ஆடினால் பொறி பறக்கும். நில இணைப்புக் குழம்பினால் ஸ்பீக்கர் "ம்ம்ம்" என்று இரையும். இவற்றைக் கண்டுபிடிக்க நுண்ணிய காது தேவையில்லை.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், அண்ணையின் தலைமுறை சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கறண்ட் எடுத்தது. சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்தார். ஊக்கமாகச் சுற்றினால் அவரும் உயிர்த்தெழுந்தார். மின்சாரம் ஒலியை மாற்றும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அங்கு வட்டமிட்டு இருந்த கிழவி முதல் குழந்தை வரை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்டது. அண்ணையின் நம்பிக்கைக்கு வேர் அங்கேதான் இருக்கிறதென்று எமக்கு ஓர் எண்ணம். கறண்டை நல்லதாகக் கொடுத்தால் பாட்டு நல்லதாக வரும் என்பதை அவர் கையால் அறிந்தவர்.

எமது அளவை நூலோர் அறிவின் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று பிரித்தார்கள். காண்டலில் காதால் கேட்பதும் அடங்கும். அண்ணை சொன்னது ஒரே வாக்கியமானாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. "பாட்டு நன்றாகக் கேட்கிறது" என்பது காண்டல். "வயரால்தான் நன்றாகக் கேட்கிறது" என்பது கருதல். முதலாவதை மறுக்க எமக்கு வழியில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர், 480 யூரோ கொடுத்தபின், விளக்கை அணைத்துவிட்டு முதற்தடவையாக அசையாமல் இருந்து முழுப்பாட்டையும் கேட்கிறார். நன்றாகக் கேட்காமல் என்ன செய்யும்? இரண்டாவதைத்தான் சோதிக்கலாம். (கயிற்றைப் பாம்பென்று கண்ட பழைய உதாரணம் வயருக்கும் நன்கு பொருந்துகிறது.)

நுண்ணிய காதே இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவை பற்றிய கட்டுரையில், டொன் கிஹோட்டேயிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். சஞ்சோ பன்சாவின் உறவினர் இருவர் ஒரே பீப்பாய் வைனைச் சுவைக்கிறார்கள். ஒருவர் நல்லதுதான், ஆனால் தோல் வாசம் என்கிறார். மற்றவர் இரும்பு வாசம் என்கிறார். ஊர் சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய பழைய திறப்பு ஒன்று கிடக்கிறது. ஆகவே பலருக்குத் தெரியாதது ஒருவருக்குத் தெரியலாம். ஆனால் திறப்புக் கிடைக்க வேண்டும்.

கிடைக்காத கதையும் உண்டு. 1903இல் பிரான்சின் நான்ஸி நகரப் பேராசிரியர் புலோந்லோ புதுக் கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். 1904இல் அங்கு போன அமெரிக்கப் பௌதிகவியலாளர் வூட், இருட்டில் கருவியிலிருந்த அரியத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். கதிர்கள் முன்போலவே "தெரிந்துகொண்டிருந்தன". புலோந்லோ பொய்யரல்ல; கண்டதாகவே நம்பினார். மின்வயருக்கும் இப்படி ஒரு சோதனை நடந்தது. 2004இல் கலிபோர்ணியாவில் ஒலிரசிகர்கள் சிலர் கூடி, எந்த வயர் மாட்டியிருக்கிறதென்று தெரியாமல் கேட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். சரியானவை ஏறத்தாழ பாதி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வரும்.

எம்மை உறுத்தியது மூன்றாவதான உரை. நாமும் ஒருகாலம் மேசைக்கு முன்னால் இருந்து, "எமக்கு இது நடந்தது" என்று சொன்னவர்கள். என்ன திகதி, கதவு எந்தப் பக்கம் திறந்தது, போனமுறை வேறுமாதிரிச் சொன்னாயே என்று கேட்டார்கள். பிறகு நம்பத்தகுந்ததாக இல்லை என்று ஒரு கடிதம். சொல்லை நம்பாதவர்களால் இத்தனை பட்ட நாம், அண்ணையின் சொல்லுக்கு அத்தாட்சி கேட்கலாமா?

கேட்கலாம் என்றே நினைக்கிறோம். அந்த அறையில் சோதிக்கப்பட்டது எமது நேர்மை. நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்டவும் எம்மால் முடியாது. வயரைத் துணியால் மூடிவைத்து மாற்றி மாற்றிக் கேட்பதில் எவருடைய நேர்மையும் கேள்விக்கு உள்ளாவதில்லை. நேர்மையான மனிதருக்கும் காது ஏமாற்றும் என்று ஏற்றுக்கொண்டுதான் அந்தச் சோதனை தொடங்குகிறது. அதை இன்றிரவே செய்யலாம், நாளைக்கும் செய்யலாம். எமக்கு அந்த வாய்ப்புத் தரப்பட்டதில்லை.

கோபம் வருமானால் விற்றவர்மேல் வரட்டும். வித்தியாசம் கேட்காதவர்களுக்குக் காது பழகவில்லை என்று அவர் அண்ணைக்குச் சொல்லியிருக்கிறார். மொழி பழகவில்லை, குளிர் பழகவில்லை என்று கேட்டுக்கேட்டு அலுத்த ஒருவரிடம் இதைச் சொன்னால், கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு எப்படி மனம் வரும்? அதோடு வயரும் "பழக" வேண்டுமாம், 200 மணி நேரம் ஓடினால்தான் முழுப்பலனும் தெரியுமாம். அண்ணைக்குப் பாட்டுக் கேட்கக் கிடைப்பது இரவில் இரண்டு மணி நேரம். 200 மணி என்பது 100 இரவு. தபாலில் எடுத்த பொருளைத் திருப்பி அனுப்ப ஐரோப்பியச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். அண்ணையிடம் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொன்னோம். ஹியூமையும் புலோந்லோவையும் பிறகு.