நான்கு கூடும் மூலை

சீடன்: ஐயா, நான் அமைத்த ஆட்டத்தைப் பாருங்கள். சதுரக் கட்டப் பலகை. கறுப்பு மேலிருந்து கீழே பாதை போட வேண்டும். வெள்ளை இடமிருந்து வலம். ஒரு முறைக்கு ஒரு காய். வைத்ததை நகர்த்தவும் கூடாது, வெட்டவும் கூடாது. இது மூன்றே வரியில் முடிந்தது. மீதி எட்டு விதிகளும் ஆட்டம் முட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்பதற்காக.

குரு: எங்கே முட்டுகிறது?

சீடன்: மூலைகளில். இரண்டு கறுப்பு ஒரு மூலைவாட்டில், இரண்டு வெள்ளை மறு மூலைவாட்டில். யாருக்கும் வழியில்லை. மூலை தொட்டாலும் இணைப்புதான் என்று விதி எழுதினேன். இப்போது இருவருமே கடந்துவிடுகிறார்கள்.

குரு: அந்தப் புள்ளியில் எத்தனை கட்டங்கள் கூடுகின்றன?

சீடன்: நான்கு.

குரு: மூன்று மட்டும் கூடினால்?

சீடன்: இரண்டு நிறம், மூன்று கட்டம்... எப்படியும் இரண்டு ஒரே நிறமாகும். அவை ஒன்றையொன்று தொட்டும் நிற்கும். முட்டவே முடியாதே!

குரு: தேனடையைப் போல அறுகோணங்களை அடுக்கு. டென்மார்க்கின் பீட் ஹெய்ன் 1942-இல் இதைத்தான் செய்தார். பதினொன்றுக்குப் பதினொன்று, சாய்சதுரப் பலகை. சில ஆண்டுகளில் பிரின்ஸ்டனில் ஜான் நாஷும் தானாகவே இதே ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஹெக்ஸ் என்கிறோம். வெள்ளையை நீராகவும் கறுப்பை அணையாகவும் நினைத்துக்கொள். பலகை நிரம்பியபின் நீர் மறுகரை சேர்ந்திருக்கும், அல்லது அணை அறுபடாமல் நிற்கும். டிரா கிடையாது. உன் எட்டு விதிகளுக்கும் வேலையில்லை.

சீடன்: இவ்வளவு வெளிப்படையானதை நான் காணவில்லையே.

குரு: வெளிப்படையா? கணிதத்தில் பிரவுவரின் நிலைப்புள்ளித் தேற்றமும், இங்கே டிரா கிடையாது என்பதும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று 1979-இல் கணித அறிஞர் டேவிட் கேல் காட்டினார். எளிதில் நிறுவிவிடக்கூடிய செய்தி அல்ல அது.

சீடன்: முதலில் ஆடுபவருக்கு ஆதாயம் உண்டா, ஐயா?

குரு: பிழையின்றி ஆடினால் வெற்றியே அவருக்குத்தான். இரண்டாமவரிடம் தோற்காத வழி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள். முதலாமவர் எங்காவது ஒரு காயை வைத்துவிட்டு, அதை மறந்து, அந்த வழியைத் தானே பின்பற்றலாம். அந்த வழி கேட்கும் கட்டத்தில் அவர் காய் ஏற்கெனவே இருந்தால், வேறெங்காவது ஒன்றை வைப்பார். இந்த ஆட்டத்தில் கூடுதல் காய் ஒருபோதும் கெடுதல் செய்யாது. அப்படியானால் இருவரும் வெல்ல வேண்டும்; அது நடக்காது. ஆகவே அந்த வழி இரண்டாமவரிடம் இல்லை. டிராவும் இல்லை. மிச்சம் யார்?

சீடன்: முதலாமவர். அவருடைய வழியைக் காட்டுங்கள்.

குரு: இந்த நிறுவல் அதைக் காட்டாது. சிறிய பலகைகளுக்குக் கணினி தேடித் தந்திருக்கிறது.

சீடன்: இருக்கிறது என்று மட்டும் தெரிந்து, எதுவென்று தெரியாமல் இருப்பதும் அறிவாகுமா?

குரு: ஆடுபவனுக்கு ஆகாது. விதி செய்பவனுக்கு ஆகும். முட்டுக்கட்டையைப் பலகையின் வடிவமே தீர்த்துவிட்டது. முதலாமவர் பக்கமான இந்தச் சாய்வை அந்த வடிவம் தீர்க்காது என்று அவன் இப்போது அறிகிறான். இங்குதான் ஒரு விதி எழுத வேண்டும்: ஒருவர் முதல் காயை வைக்கட்டும், அந்தப் பக்கம் தனக்கா, எதிராளிக்கா என்று மற்றவர் சொல்லட்டும். பலகாரத்தை ஒருவர் பங்கு வைக்க, மற்றவர் முதலில் எடுப்பதுபோல.

சீடன்: அப்படியானால் வெற்றி இரண்டாமவருக்குப் போய்விட்டதே! நல்ல காயென்றால் எடுப்பார், மோசமென்றால் விடுவார்.

குரு: சரியாகப் பிடித்தாய். ஆனால் எது நல்லதென்று அவர் கண்டுபிடிக்க வேண்டுமே. ஆதாயம் எங்கும் போகவில்லை. அதைப் பற்றிய தெரியாமையைத்தான் இருவருக்கும் பங்கிட்டிருக்கிறோம். காயை எடு.

சீடன்: நடுவில் வைத்தால் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். கூர்மூலையில் வைத்தால் என்னிடமே விட்டுவிடுவீர்கள். இதோ, ஓரத்தை ஒட்டி இந்தக் கட்டம்... உங்களுக்கு எந்தப் பக்கம் வேண்டுமென்று தெரியவில்லை, ஐயா. எனக்கு எது வேண்டுமென்றும் தெரியவில்லை.

குரு: எனக்கும் தெரியவில்லை. அங்கேயே வை.