பெயருக்கு வாடகை

1990இல் காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இரு சாராரும் வீடுவாசலை இழந்தார்கள்; ஊர்ப் பெயரை இழக்கவில்லை. அதை வைத்திருக்க எவருக்கும் வாடகை கட்ட வேண்டியிருக்கவில்லை.

இணையத்தில் பெயருக்கும் ஆண்டு வாடகை உண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் முகவரி ‘ஓ.ஆர்.ஜி.’ என முடிகிறது. இத்தகைய முகவரிகளை விற்கும் முகவர்கள் பலர். மொத்த விலை சொல்வதோ ஒரேயொரு நிறுவனம். அவ்விலை ஆண்டுக்குப் பத்து வீதத்துக்கு மேல் ஏறக்கூடாதென்ற வரம்பை, இணையப் பெயர்களை ஒழுங்குசெய்யும் ஐகான் அமைப்பு 2019 ஜூனில் நீக்கியது. நவம்பரில் அந்நிறுவனத்தையே ஒரு முதலீட்டுக் கம்பனிக்கு 113.5 கோடி டொலருக்கு விற்க ஏற்பாடாயிற்று. எதிர்ப்பு வலுத்தது, 2020 ஏப்ரலில் ஐகான் அனுமதி மறுத்தது. ஆனால் விலை வரம்பு அதனால் மீளவில்லை.

விலையேற்றத்தை எதிர்ப்பது மார்க்கத்துக்கு உகந்ததா? மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயிக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் சந்தையில் விற்பவர் பலர். ஒருவரை விட்டு மற்றவரிடம் போகலாம். விற்பனை குறிப்பிட்ட சிலருக்கே உரித்தாகும்போது விலைக் கட்டுப்பாடு கடமையாகும் என்பது இமாம் இப்னு தைமிய்யாவின் கருத்து. புத்தகங்களில் அச்சாகி, வாசகர் மனதில் பதிந்த முகவரியை விட்டு ஒரு நூலகம் எங்கே போகும்?

ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கிப் பொதுவாக்கினார்கள். கிணற்றைப் பராமரிக்கச் செலவுண்டு. அதைக் கேட்பது நியாயம். தாகத்தை அளந்து விலை கேட்பதுதான் அநியாயம்.