கிருத்திகை யாருக்குக் கிடைச்ச வரம்?

ஓம் சரவணபவ.

மாசா மாசம் கிருத்திகைக்கு விரதம் இருக்கோம், ஸ்டேட்டஸ் வைக்கிறோம், பைக்கை எடுத்துக்கிட்டு திருப்போரூர் கிளம்பிடுறோம். அந்த நாள் யாருக்குக் கிடைச்ச மரியாதை தெரியுமா? முருகனை வளர்த்தவங்களுக்கு.

கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சிவனோட நெற்றிக்கண் பொறி ஆறும் சரவணப் பொய்கையில ஆறு குழந்தைகளாச்சு. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பால் கொடுத்து வளர்த்தாங்க. பிறகு உமையம்மை வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைக்க, ஆறு உடம்பு ஒண்ணாச்சு. ஆனா முகம் ஆறும் அப்படியே இருந்தது. பெற்ற தாய் வந்த பிறகும் 'கார்த்திகேயன்'ங்கிற பேர் நிலைச்சது. வளர்த்தவங்களோட நட்சத்திரத்துல விரதம் இருந்தா அருள் உண்டுன்னு சிவனே வரம் கொடுத்தார். நான் ரொம்ப நாள் யோசிச்ச இடம் இது. குழந்தை தன் வீட்டுக்குத் திரும்பணும்னா, இடையில தூக்கி வளர்த்த கையை மறக்கணும்னு அவசியமே இல்லை.

நம்ம நாட்டுச் சட்டத்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 44-ஆவது பிரிவு, வளர்ப்புப் பராமரிப்பு. தத்தெடுப்பு வேற, இது வேற. பெற்றவங்களால இப்போதைக்குப் பார்த்துக்க முடியாத பிள்ளையை இன்னொரு குடும்பம் வளர்க்கும். குழந்தைகள் நலக்குழு அனுமதிச்சா பெற்றவங்க வந்து பார்க்கலாம். அவங்க நிலைமை சரியானதும் பிள்ளை வீடு திரும்பலாம்.

எங்க டீம்ல ஒரு தம்பி இருக்கான். ஏழு வயசுலேர்ந்து இல்லத்துல வளர்ந்தவன். அவன் போன்ல 'அம்மா'ன்னு இருக்கிறது இல்லத்து வார்டன் அக்கா நம்பர். பெற்றவங்க நம்பர் 'ஊர் அம்மா'. நோயில கிடந்த அந்த அம்மா இப்ப தேறிட்டாங்க, மகனோட இருக்க ஆசைப்படுறாங்க. "போனா என்ன பேசுறதுன்னே தெரியலண்ணா"ன்னான். பதினஞ்சு வருஷ இடைவெளிண்ணா சும்மாவா?

அதுக்கும் முன்னாடி அவனுக்கு வேற ஒரு போர் இருந்தது. 18 முடிஞ்சு வெளியே வந்தப்ப தங்க இடம் தேடினா, அட்வான்ஸ் எவ்வளவுன்னு சொல்றதுக்கு முன்னாடியே "அப்பா என்ன பண்றார்?"னுதான் கேட்டாங்களாம். முருகன் போர் புரிஞ்சது திருப்பரங்குன்றத்துல நிலத்துல, திருச்செந்தூர்ல கடல்ல, நம்ம திருப்போரூர்ல விண்ணுலன்னு சொல்வாங்க. காலுக்குக் கீழ தரையில்லாத அந்தச் சண்டைதான் இவனுக்கும்.

முருகனையே வெறுங்கையோட அனுப்பலையே! சிக்கல்ல அம்பாள்கிட்ட வேல் வாங்கினார்னு ஐதீகம். கூடவே வீரபாகு முதலான நவவீரர்கள் போனாங்க. தேவசேனாபதிக்கே கருவியும் துணையும் வேண்டியிருந்தது. அப்போ 18 வயசுப் பையன் மட்டும் தனியா ஜெயிக்கணும்னு நாம எப்படி எதிர்பார்க்கிறோம்?

சனிக்கிழமை சாயங்காலம் முட்டுக்காடு பாலத்து ஓரம் வண்டியை நிறுத்திட்டு தண்ணியைப் பார்த்துக்கிட்டிருப்பேன். படகுக் குழாம் கூட்டம் ஒரு பக்கம், வலை வீசுறவங்க ஒரு பக்கம். இறால் முட்டையிடுறது கடல்ல. குஞ்சு காயலுக்குள்ள வந்து வளரும், வளர்ந்ததும் கடலுக்கே திரும்பும். முகத்துவாரத்தை மணல் அடைச்சிட்டா, எவ்வளவு நல்லா வளர்ந்தாலும் வெளியே போக வழி கிடையாது. அப்ப மணலை வெட்டி வழி விடணும்.

அந்த வழி சட்டத்துல 46-ஆவது பிரிவு, பிற்காப்பு. இல்லத்தை விட்டு வர்ற பிள்ளைக்கு 21 வயசு வரை உதவி, சிறப்புக் காரணம் இருந்தா 23 வரை. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல இதுக்கு மாசம் 4000 ரூபாய். ஒண்ணு கவனிங்க, சட்டத்துல 'வழங்கலாம்'னுதான் இருக்கு, 'வழங்க வேண்டும்'னு இல்லை. கோடு எழுதுற நமக்கு இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் நல்லாவே தெரியும். யாராவது கூட நின்னு கேட்டாத்தான் நடக்கும்.

போன கிருத்திகைக்கு அவனும் எங்களோட திருப்போரூர் வந்தான். ரெண்டு அர்ச்சனைச் சீட்டு வாங்கினான். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். வார்டன் அக்காவுக்கு டக்குனு சொல்லிட்டான். இன்னொருத்தருக்குத் தெரியலை. வரிசையை விட்டு வெளியே போய் 'ஊர் அம்மா'வுக்கு போன் போட்டான். நட்சத்திரம் கேட்க அரை நிமிஷம் போதும். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் வந்தான்.

உங்க மாவட்டத்துலயும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சாலே சொல்லிடுவாங்க. 18-ஐ நெருங்குற பிள்ளைகளுக்கு என்ன வேணும்னு அங்க கேளுங்க. பழைய லேப்டாப், இன்டர்வியூ பயிற்சி, வாடகை வீட்டுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து, ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டா எடுக்கிற ஒரு அண்ணன் நம்பர், எதுவா வேணா இருக்கலாம். அவங்க அனுமதியோட, அவங்க சொல்ற முறைப்படி செய்யுங்க. பிள்ளைங்க போட்டோவை மட்டும் தயவுசெஞ்சு ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. ஆபத்துல இருக்கிற குழந்தையைப் பார்த்தா 1098.

அடுத்த கிருத்திகைக்குத் திருப்போரூர் வர்றவங்க குரூப்ல பேர் கொடுங்க. தரிசனம் முடிஞ்சதும் உட்கார்ந்து பேசலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!