காதில் ஏறிய பாடம்

கருவடிக்குப்பத்தில் ஒரு நாடக வாத்தியாரின் சமாதி இருக்கிறது. அங்கிருந்து வடக்கே, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நடுவில் தமிழ்நாடு வந்துபோகிறது. அப்புறம் மறுபடியும் புதுச்சேரி, காலாப்பட்டு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை அப்படி, திட்டுத் திட்டாக. அந்தத் திட்டில் 1985இல் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. அதில் நாடகத்துக்கென்று ஒரு பள்ளி தொடங்கியபோது, சமாதியில் இருப்பவரின் பெயரையே வைத்தார்கள்: சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி.

பொருத்தமான பெயர்தான். ஆனால் சுவாமிகள் பாடம் சொன்ன விதமும் பல்கலைக்கழகம் பாடம் சொல்லும் விதமும் ஒன்றல்ல. இத்தனை வருஷமாக இந்தப் பள்ளியின் மாணவர் நாடகங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த வித்தியாசத்தில்தான் போய் நிற்கிறது.

*

சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீஸ்வரன் வேஷங்களில் பேர் வாங்கியவர். விடியற்காலை வேஷம் கலைக்கப் போனபோது எதிரே வந்த கர்ப்பிணி ஒருத்தி அவரைப் பார்த்து மிரண்டு கருக்கலைந்தாள் என்றும், அதோடு அரிதாரத்தை விட்டு எழுத்தாணி எடுத்தார் என்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, வாத்தியார் ஆனது நிஜம். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பின்னாளில் நாடக உலகில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது சபையில். அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும், பாட்டு வசனம் எல்லாம் சேர்த்து, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் தன் வாழ்க்கை நூலில் சொல்கிறார்.

சிறுவர்களே நடிக்கும் இந்த மாதிரி பாய்ஸ் கம்பெனியில் பாடம் என்பது காதில் ஏறுவது. வாத்தியார் சொல்ல, பையன்கள் திருப்பிச் சொல்ல, ஆர்மோனியம் பிடித்துக்கொடுக்க, தப்பினால் முதலிலிருந்து. ஆறு வயசுப் பையனுக்கு அர்த்தம் பிறகு வரும். ராகமும் மூச்சு விடும் இடமும் முதலில் வந்துவிடும்.

கடைசிக் காலத்தில் சுவாமிகளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று. வாயால் பாடம் சொன்ன மனிதருக்கு இது வந்திருக்க வேண்டாம். 13.11.1922 அன்று புதுச்சேரியில் காலமானார்.

*

தெற்கே இன்னும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடத்தின் பலம் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்து, ராத்திரி பத்து மணிக்குமேல் சுவாமிகளின் வள்ளி திருமணத்தைத் தொடங்கி விடியவிடிய நடத்திவிடுவார்கள். எல்லார் காதிலும் ஒரே வாத்தியாரின் பாடம் இருப்பதால்தான் இது முடிகிறது.

*

எண்பதுகளின் கடைசியில் காலாப்பட்டில் பள்ளியைக் கட்டி எழுப்ப வந்தவர் இந்திரா பார்த்தசாரதி. தில்லியில் பல காலம் ஆசிரியர். 1981 முதல் 1986 வரை வார்ஸாவில் பேராசிரியர். தமிழ் கேட்காத ஊர்களில் இருந்துகொண்டு தமிழில் மழை, நந்தன் கதை, ஔரங்கசீப் என்று எழுதியவர். சுற்றிலும் வேறு மொழி கேட்க, தமிழ் வசனம் எழுதும் வாழ்க்கை அவருக்குப் பழகியிருக்கும். அப்படிப்பட்டவர் இந்த இடத்துக்கு வந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

எந்த மொழியில் வகுப்பு, எந்த மொழியில் மேடை என்ற சங்கடம் மற்ற நாடகப் பள்ளிகளுக்குக் குறைவு. 1959இல் தொடங்கிய தில்லி தேசிய நாடகப் பள்ளியில் எந்த மாநிலத்துக்காரரும் இந்திக்குள் வந்துதான் ஆக வேண்டும். திருச்சூர்ப் பள்ளிக்கு மலையாளம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ். காலாப்பட்டோ மத்தியப் பல்கலைக்கழகம், யாரும் வரலாம். வெளிமாநிலம் வரைக்கும் போக வேண்டாம். மாஹேயிலிருந்து வரும் பிள்ளைக்கு மலையாளம், ஏனாமிலிருந்து வரும் பிள்ளைக்குத் தெலுங்கு. இருவரும் புதுச்சேரிக்காரர்கள்தான்.

ஆகவே வகுப்பு ஆங்கிலத்தில், மேடை பெரும்பாலும் தமிழில். யாரும் கொள்கை வகுத்துச் செய்ததல்ல. விடுதி அறையில் யார் யாரோடு தங்க நேர்ந்ததோ அதன் பலன்.

*

ஒரு ஒத்திகை. கேரளத்துப் பையன் ஒருவனின் கையில் ஜெராக்ஸ் தாள். அச்சிட்ட தமிழ் வசனத்துக்கு மேலே பேனாவால் மலையாள எழுத்தில் அதே வசனம். தமிழில் ஒரே ‘க’வாக நிற்பதை அவன் இரண்டு விதமாக எழுதியிருந்தான், காதில் விழுந்தபடி. சொல் பிரியும் இடங்கள் அங்கங்கே தப்பு. ஆனால் குரல் ஏறும் இடத்தில் மேல்நோக்கி ஒரு கோடு, நிற்கும் இடத்தில் சின்ன வட்டம். பக்கத்தில் கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அவனுக்காக வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அலுப்பில்லை. ‘இல்ல அண்ணா, அவ்ளோ கோவம் வேணாம், கேக்கற மாதிரி சொல்லுங்க.’

அவன் சொன்னான். கேட்கிற மாதிரி இருந்தது.

அந்தக் கால் மணி நேரம் அவள்தான் வாத்தியார். இருமொழி நாடகம் என்றதும் பலர் பாதி வசனம் ஆங்கிலம், பாதி தமிழ் என்று கலந்து வைப்பதை நினைக்கிறார்கள். அப்படிக் கலந்த நாடகங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. பார்ப்பவர்களை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிக் காக்கவைக்கின்றன. இந்த ஜெராக்ஸ் தாளில் இருப்பதுதான் எனக்கு இருமொழி நாடகம்.

*

அதே ஒத்திகை முடிந்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். டிஸ்கஷன். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தார்கள். கால் மணி நேரம் முன்பு வாத்தியாராக இருந்த பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றும் அங்கே பேசப்படவில்லை. அது பேசப்பட்ட மொழியில் முந்திக்கொள்ள அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மதிப்பெண் வட்டத்தில் விழுகிறதா, மேடையில் விழுகிறதா என்பதைப் பொறுத்து ஒரு பள்ளியின் குணமே மாறிப்போகும்.

*

இந்தப் பள்ளியில் பாடம் சொன்ன கே.ஏ. குணசேகரனை இங்கே நினைக்காமல் முடியாது. இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்தவர், நாட்டார் கலைகளை ஆராய்ந்தவர், அதைவிட முக்கியமாக, பாடுகிறவர். பலி ஆடுகள் நாடகத்தை எழுதியவர்; தமிழில் தலித் நாடகம் என்ற பேச்சு அதிலிருந்துதான் தொடங்குகிறது. 2005இல் வந்த வடு தன்வரலாற்றில், சாதி ஒரு பையனை எந்தெந்த ஊரில் எப்படியெல்லாம் நடத்தியது என்று எழுதியிருக்கிறார். நடுவில் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவன இயக்குநராக இருந்தார், மற்றபடி புதுச்சேரி. 2016 ஜனவரியில் இங்கேயே காலமானார். பல்கலைக்கழக வாசலுக்குள் பறைக்கும் தெம்மாங்குக்கும் ஒரு நாற்காலி போட்ட தலைமுறை அவருடையது. பாட்டாக வருவதற்குக் குறிப்புத் தாள் வேண்டாம். மணிப்பூர்க்காரரும் இரண்டாவது சுற்றில் கூடவே பாடிவிடுவார்.

வேலு சரவணன் வேறு திசையில் போனார். ஆழி குழுவோடு கடல் பூதம் நாடகத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக. குழந்தைகள் நடுவில் குறுக்கே பேசினால் அதற்கும் பதில் சொல்லி நாடகத்தை ஓட்டுவார். டிஸ்கஷனுக்கு அங்கே வேலையே இல்லை.

*

2015 முடிந்து 2016 பிறக்கும் சமயம், பாரிஸிலிருந்து அரியான் முனூஷ்கினின் தியேத்ர் துய் சொலேய் குழு புதுச்சேரி வந்திருந்தது. குமரன் வளவனின் இந்தியநோஸ்த்ரம் நாடகக் குழு அவர்களுக்கு இங்கே துணை. பல நாட்டு நடிகர்கள் சேர்ந்த குழு பாரிஸ் குழு. அவர்களுக்குத் தெருக்கூத்து சொல்லிக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன். 2016 நவம்பரில் பாரிஸ் ஓரத்தில் ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற பொருளில் பெயர் வைத்து அவர்கள் போட்ட பிரெஞ்சு நாடகத்தில் திரௌபதி துகிலுரிதலும் கர்ணன் சாவும் கூத்தாகவே வந்தன, தமிழிலேயே. மறு வருஷம் நியூயார்க்கிலும்.

தமிழ் தெரியாதவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று பார்ப்பவர்களுக்கு ஆச்சரியம் வரலாம். புரிசைக் கூத்துக்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் அப்படித்தான் ஏறியது.

*

ஒரு ஆசை. வருஷத்தில் ஒரு நாள், சுவாமிகள் மறைந்த நவம்பர் 13 என்றே வைத்துக்கொள்ளலாம், காலாப்பட்டு மாணவர்கள் வள்ளி திருமணத்தில் நாரதர்-வள்ளி தர்க்கத்தை ஸ்பெஷல் நாடக முறையில் போட வேண்டும். நாரதர் இம்பாலிலிருந்து வந்தவராக இருக்கட்டும், வள்ளி மாஹேக்காரி. ஒரு பருவம் முழுக்க ஆளுக்கொரு வாத்தியாரிடம் தனித்தனியாகக் காதால் பாடம் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் ஒப்பனை அறையில்தான் முதல் சந்திப்பு. தாள் கூடாது. ஆர்மோனியக்காரரை மதுரையிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ முன்பணம் கொடுத்து வரவழைக்க வேண்டும். கீழே காலாப்பட்டு மீனவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டில் சுதி விலகினால் அவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள், தமிழில்.