சமமாகத்தான் கொடுத்தோம்

காஞ்சிபுரத்துப் பக்கம் ஐயங்கார்குளத்துக் கழனி ஒன்றை நினைத்துக்கொள்வோம். மடைவாய் ஓரம் பயிர் கருகருவென்று தழைத்திருக்கிறது. எதிர்மூலை மேட்டில், அதே நாற்றங்காலில் பறித்து அதே நாளில் நட்டது, வெளிறி நிற்கிறது. யூரியா மூட்டை இரண்டுக்கும் ஒன்றுதான். வீசுகிற கை பேதம் பார்ப்பதில்லை. தழைத்த இடம் மேலும் தழைத்துப் புகையான் பூச்சிக்கு இடங்கொடுத்து, கதிர் முற்றும் நேரத்தில் சாய்கிறது. மெலிந்தது மெலிந்தே கிடக்கிறது. யாரும் வஞ்சகம் செய்யவில்லை.

இந்தச் சமத்தைக் கேள்வி கேட்க வந்ததுதான், ஒவ்வொரு இடத்தின் தேவையையும் பார்த்துக் கொடுக்கும் துல்லியப் பண்ணையம். அதற்கு முதலில் இடம் தெரிய வேண்டும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தம் இருப்பையும் ஓயாமல் அறிவிக்கின்றன. குறைந்தது நான்கின் குரலைக் கேட்டுக் கருவி தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. சாதாரணக் கைப்பேசிக்குச் சில மீட்டர் பிசகும். நம் ஊரில் அது வரப்பைத் தாண்டி அடுத்தவர் நிலம். (வரப்புத் தகராறுக்கு நமக்குப் புதுக் காரணம் தேவையில்லை.)

கருவி பிசகாவிட்டாலும் பார்வை பிசகலாம். 2015இல் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியபோது, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று ஜிபிஎஸ் துணையோடு மண் எடுக்க வகுத்தார்கள். தமிழ்நாட்டு உழவரின் சராசரி நிலமோ, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். மூன்று குடும்பத்து நிலத்துக்காக ஒரு பிடி மண் பேசியது. இடம் துல்லியமாகத் தெரிந்தது. அங்கே இருப்பவர்தான் தெரியவில்லை.

வயலில் நாம் காணும் இந்தப் பிழை வயலோடு நிற்பதில்லை. வகுப்பறையில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேகம், மருத்துவமனையில் எல்லா நோயாளிக்கும் அதே இரண்டு நிமிடம், வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அறிவுரை என்று பகிர்ந்துவிட்டு, பாரபட்சம் பார்க்கவில்லை என்று நிம்மதி கொள்கிற நாம், அந்தச் சமம் பெறுகிறவருக்கான நீதியா, ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிய முயலாத நம்முடைய அசதியா என்று கேட்டுக்கொள்வதே இல்லை.

ஆனால் ஆளுக்கேற்ப, இடத்துக்கேற்பக் கொடுக்கும் அதிகாரம் சமத்தைவிட ஆபத்தானது. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவரை யார் கேட்பது? இதே வட்டாரத்தின் உத்திரமேரூர் அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்துப் பார்த்தன; உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தன; கணக்குக் காட்டாதவரைத் தேர்விலிருந்து விலக்கின. நுணுகிப் பார்க்கும் உரிமையும் கணக்குக் கொடுக்கும் கடமையும் அங்கே ஒரே ஆளிடம் இருந்தன. இன்று நம் கழனியை நுணுகிப் பார்க்கும் கண் வானத்தில் இருக்கிறது. அதன் கணக்கு ஊருக்கு வருவதில்லை.

ஆகவே, அடுத்த முறை மண் பரிசோதனைக்கு மடைவாய் மண்ணை ஒரு பையிலும் மேட்டு மண்ணை இன்னொரு பையிலும் தனித்தனியே கொடுங்கள். உங்கள் நிலத்தை அளந்து வரைபடம் போடுகிறவர் யாராக இருந்தாலும், அதில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.