சாரதி விழித்திருக்கிறானா?

தவறு என்று அறியாமல் செய்த தவறுக்கு மனிதன் பொறுப்பாவானா? தத்துவ அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இந்தக் கேள்வி, இன்று நகரத் தெருக்களில் அன்றாடம் எழுகிறது.

திருவனந்தபுரத்தில் உள்ள வலியசாலையில், காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய அக்ரஹாரத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அங்கே ஒருவருக்கு ஜலதோஷம் என்று வைத்துக்கொண்டால், மருந்துக் கடையில் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளை வெட்டித் தருவார்கள். எச்சரிக்கை ஏதும் அச்சிடப்பட்டிருந்தால், அந்தப் பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, நெரிசல் மிகுந்த சாலைக் கடைத்தெரு வழியாகக் கிழக்கேகோட்டைக்கு ஸ்கூட்டரில் புறப்படுகிறார். மதுவைத் தொட்டறியாதவர், பிறருக்குத் தீங்கு நினையாதவர். அவரது கண் ஒரு கணம் சொருகி, வழியில் செல்லும் ஒருவர் அடிபட்டால் குற்றம் யாருடையது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்க வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மருந்தின் வசப்பட்டு ஓட்டுவதும் அதே பிரிவில் குற்றமே. ஆனால் வழியில் நிறுத்தி ஊதச் சொல்லும் கருவி மதுவை மட்டுமே தேடும். அதிலும் அது தவறக்கூடும். 2025 ஜூலையில் பந்தளத்தில் உள்ள கேரள அரசுப் பேருந்துப் பணிமனையில், மது அருந்தாத ஓட்டுநர்களைக் கருவி குடித்தவர்களாகக் காட்டியது. நன்கு பழுத்த பலாச்சுளைகளை அவர்கள் தின்றதே காரணம் என்று தெரியவந்தது. பலாப்பழம் தின்றவர் பிடிபடுகிறார். தூக்க மாத்திரையின் மயக்கம் தெளியாதவர் அதே சோதனையில் தேறிவிடுகிறார்.

கருவி காணாததை மனசாட்சி காணும் என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. மூளையை விழித்திருக்கச் செய்யும் பொருள்களுள் ஒன்று ஹிஸ்டமின். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் புகுந்து அதன் செயலைத் தடுக்கின்றன. இவ்வகையைச் சேர்ந்த டைபென்ஹைட்ரமினை அமெரிக்காவின் அயோவாவில், வாகனம் ஓட்டுவதைப் போன்ற அனுபவம் தரும் கருவியில் ஆராய்ந்து, முடிவை 2000-இல் வெளியிட்டனர். மருந்து உண்டவர்களின் ஓட்டும் திறன் மது அருந்தியவர்களுடையதை விடவும் குன்றியிருந்தது. அதைவிட முக்கியமானது மற்றொன்று: தமக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்கள் கூறியதைக் கொண்டு, அவர்களது திறன் எவ்வளவு குறைந்திருந்தது என்பதைச் சரிவரக் கணிக்க இயலவில்லை.

கடோபநிஷத்து உடலைத் தேராகவும் மனத்தைக் கடிவாளமாகவும் புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. சாரதி உறங்குகிறானா என்பதை அந்தச் சாரதியிடமே கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்லும் புத்தியே மருந்தால் மங்கியிருக்கிறது. எனவே அந்த நேரத்தில் மனசாட்சியைக் கேட்பது காலம் தாழ்ந்த செயல்.

குடிவெறியில் குற்றம் புரிந்தவருக்கு இருமடங்கு தண்டனை விதிக்கும் சட்டத்தை அரிஸ்டாட்டில் தமது அறவியல் நூலில் எடுத்துக்காட்டுகிறார். குற்றம் செய்தபோது அவர் மதி மயங்கியிருந்தது உண்மைதான். ஆனால் மயங்காமல் இருப்பது அவர் கையில் இருந்தது என்பது அதன் நியாயம். நோயாளிக்கு இந்த நியாயம் அப்படியே பொருந்தாது. அவர் மயக்கத்தை நாடி மருந்து உண்ணவில்லை; நலத்தை நாடி உண்டார். ஆகவே மருந்து உண்டது குற்றமன்று. உண்பதற்கு முன் கேட்காமல் இருந்ததும், உண்டபின் சாவியை எடுத்ததுமே ஆராய வேண்டியவை. அறிய வழியே இல்லாத அறியாமை வேறு. ஒரு கேள்வி கேட்டிருந்தால் நீங்கியிருக்கும் அறியாமை வேறு. இரண்டாவதற்கு மனிதன் பொறுப்பாளியே.

வாகனம் ஓட்ட வேண்டும் என்பதற்காக மருந்தை நிறுத்துவதும் அறமாகாது. வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் தாமாக நிறுத்தியவர் இன்னும் பெரிய ஆபத்தைச் சாலைக்குக் கொண்டுவருகிறார். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவறவிட்டவருக்கும் சர்க்கரை தாழ்ந்து நினைவு தடுமாறலாம். இரவில் உண்ட தூக்க மாத்திரை காலையிலும் உடலில் எஞ்சியிருக்கலாம். இதன் பொருட்டே 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சோல்பிடெம் என்ற மருந்தின் அளவைப் பெண்களுக்குக் குறைத்தது.

எனவே கடமை பலருக்கும் உரியது. நோயாளி, 'இதை உண்டபின் வண்டி ஓட்டலாமா, மயக்கம் தராத வேறு மருந்து உண்டா?' என்று கேட்க வேண்டும். மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும் கேட்காமலே சொல்ல வேண்டும். 'இன்று மருந்து உண்டிருக்கிறேன், ஓட்ட இயலாது' என்று உண்மை சொல்லும் ஓட்டுநரின் அன்றைய கூலி பறிபோகாமல் முதலாளி காக்க வேண்டும். உண்மைக்கு அபராதம் விதிக்கும் இடத்தில் உண்மையை எதிர்பார்க்க முடியாது.

தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமல் இருப்பது அஹிம்சையின் தொடக்கம் மட்டுமே. தன்னால் தீங்கு நேரக்கூடுமா என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதும் அதில் அடங்கும். மாத்திரை உண்ட நாளில் ஸ்கூட்டரை வீட்டில் விட்டுப் பேருந்தில் செல்பவர், முகமறியாத ஒருவருக்கு அந்த அஹிம்சையைச் செய்கிறார்.