ஒட்டுக்கேட்பவனின் புதிய முகவரி

2004 ஏப்ரலில் வியன்னா நகரமன்றத்துக்கும் ஒரு வங்கிக்கும் இடையே பணப் பரிமாற்றம் ஒன்று நடந்தது. அதைப் பூட்டிய ரகசியச் சாவி, பின்னிப் பிணைந்த ஒளித்துகள் இணைகளிலிருந்து பிறந்தது. அன்டன் ஸைலிங்கரின் குழு இதற்காக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் கண்ணாடி இழையைச் சாக்கடைக் கால்வாய்கள் வழியே கொண்டுபோயிருந்தது. குவாண்டம் பின்னலுக்கு நகரம் ஒதுக்கிய ராஜபாட்டை அதுதான்.

பின்னலிலிருந்து சாவி எடுக்கும் வழியை 1991இல் சொன்னவர் ஆர்ட்டூர் எகர்ட். இணையில் ஒரு துகள் எனக்கு, மற்றது உங்களுக்கு. இருவரும் அளக்கும் திசையைக் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றி அளக்கிறோம். பிறகு விடைகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் பார்க்கிறோம். துகள்கள் விடையை முன்கூட்டியே சுமந்து வந்திருந்தால் அந்தக் கணக்கு 2ஐத் தாண்டாது. 1964இல் ஜான் பெல் வகுத்த தர்க்கம் அது. பின்னல் உண்மையென்றால் 2.82 வரை ஏறும். நடுவில் எவனாவது துகளை அளந்துவிட்டு அனுப்பினால் எண் சரிந்துவிடும். சாவியைத் தூக்கி எறியலாம்; செய்தியைத்தான் இன்னும் அனுப்பவே இல்லையே.

2020இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் வழியே 1,120 கிலோமீட்டர் இடைவெளியில் பின்னிய துகள்களால் சாவி உண்டாக்கினார்கள். செயற்கைக்கோளே எதிரியின் கையில் இருந்தாலும் சாவி கசியாது. கிடைத்த வேகம் விநாடிக்கு 0.12 பிட். 128 பிட் சாவிக்கு ஏறத்தாழ 18 நிமிடம் ஆகும். செயற்கைக்கோள் வானில் கடந்துபோவதோ சில நிமிடங்களில்.

வேகம் கூடிவிடும். என் கவலை வேறு. வழியில் காது வைக்க முடியாதவன் வீட்டுக்குள் வருவான். 2011இல் சிங்கப்பூர், நார்வே ஆய்வாளர்கள் ஒளி உணரிகளுக்குள் பிரகாசமான ஒளியைப் பாய்ச்சி அவற்றைக் குருடாக்கினார்கள். பிறகு தாங்கள் விரும்பியபோதெல்லாம் அவற்றைத் துடிக்க வைத்தார்கள். பின்னலே இல்லை, எண்ணோ 2ஐத் தாண்டிக் காட்டியது. சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டால் சாட்சியம் மட்டும் எப்படிப் பொய்யாகத் தோன்றும்?

இதற்கும் மருந்து தேடினார்கள். கருவியைச் செய்தவனையே நம்பத் தேவையில்லாத முறையை 2022இல் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டே மீட்டர் இடைவெளியில் செய்து காட்டினார்கள். ஒரு நிபந்தனை உண்டு: அறைக்குள் கிடைத்த விடை அறையை விட்டு வெளியே போகக் கூடாது. இயற்பியல் இந்த இடத்தில் ஒதுங்கிக்கொண்டு, கதவுக்குப் பூட்டும் வாசலில் காவலாளியும் கேட்கிறது.

உலகத்தின் கம்பிகளில் காது வைத்திருந்ததாக 2013இல் அம்பலமான அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, தன் நாட்டின் பாதுகாப்பு வலையமைப்புகளுக்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பரிந்துரைக்கவில்லை. தனிக் கருவிகள் வேண்டும், செலவு அதிகம், இடைநிலையங்களில் உள்ளாள் துரோகம் நேரலாம், ஒட்டுக்கேட்க வந்தவன் சாவி உருவாவதையே தடுத்துவிடலாம் என்று அது காரணம் சொல்கிறது. சொல்வது யார் என்பதைக் கொஞ்சம் மறந்துவிட்டுப் பார்த்தால், காரணங்கள் எல்லாமே சரியானவை.